மயக்கப் பொடியும் மாயக்காரியும்: ‘சந்திரகாந்தா’ நாவலுக்குத் தொலைக்காட்சி இழைத்த அநீதி

எழுத்தில் அமைந்த கதையொன்று காட்சி ஊடகத்திற்குச் செல்லும்போது சில கூடுவதும் சில குறைவதும் இயல்பே. மாற்றம் நேர்ந்தது என்னும் ஒரே காரணத்திற்காக ஒரு தொடரைப் பழித்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. எந்தத் திசையில் மாற்றம் நேர்ந்தது, அதனால் மூலநூலின் எந்தக் கருத்து அழிந்தது என்று வினவுதல் ஆய்வாளரின் கடமையாகும். தேவகிநந்தன் கத்ரி (1861–1913) இயற்றி 1888இல் வெளிவந்த ‘சந்திரகாந்தா’ என்னும் இந்தி நாவல், 2017ஆம் ஆண்டில் கலர்ஸ் தொலைக்காட்சியில் மாயப் புனைவுத் தொடராக வந்தபோது இவ்வினா எழுப்பப்படவில்லை. அத்தொடரில் இராவதி என்னும் அரசி, அழகாலும் மாயத்தாலும் சூழ்ச்சியாலும் அனைவரையும் ஆட்டுவிக்கும் பகைமையின் உருவாக நிறுத்தப்பட்டாள். கத்ரியின் நாவலில் அப்படியொரு பாத்திரம் இல்லை. இல்லாத பாத்திரம் சேர்க்கப்பட்டதை யாம் குறையாகக் கூறவில்லை. பெண்ணின் அறிவுக்கு அந்நாவல் அளித்திருந்த மதிப்பு அப்பாத்திரத்தின் பொருட்டுப் பறிக்கப்பட்டது என்பதே எம் குற்றச்சாட்டு.

நாவல் காட்டும் ஐயாரி

கத்ரியின் கதையுலகம் ‘ஐயாரி’, ‘திலிஸ்ம்’ என்னும் இருதூண்களின் மேல் நிற்பது. ஐயார் என்போர் அரசர்களின் பணியில் இருக்கும் ஒற்றர். வேடம் புனைவதில் வல்லவர். அவர்தம் இலக்கணத்தைக் கத்ரி தம் முன்னுரையிலேயே வரையறுக்கிறார். உருவம் மாற்றுதல், மருந்தறிவு, இசை, படைக்கலப் பயிற்சி, ஒற்றாடல் ஆகியவை அவர்களுக்குரிய கல்வி. அரசர்களிடையே பூசல் மூளும்போது குருதி சிந்தாமல் அறிவுத்திறத்தால் அதனை முடித்து வைப்பது அவர்களின் தொழில். அவர்கள் தோளில் தொங்கும் பையில் மயக்கப் பொடியும், மயங்கியவரைத் தெளிவிக்கும் ‘லக்லகா’ என்னும் மருந்தும், முகம் மாற்றும் வண்ணங்களும் இருக்கும். இவற்றுள் மந்திரம் எதுவுமில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. திலிஸ்மும் அவ்வாறே. அது முன்னோர் செல்வத்தைக் காக்கக் கட்டிய பொறிக்கோட்டை. மறைகதவுகள், சுழலும் தளங்கள், அசையும் கல்லுருவங்கள் ஆகியன அங்குண்டு. மனிதரை விழுங்கும் கொக்கின் உருவம்கூட வியப்புக்காக மட்டும் வைக்கப்படவில்லை. அதன் உள்ளமைப்பும் பின்னர் விளக்கம் பெறுகிறது. நடவாதவற்றை எழுதுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, தாம் காட்டிய வியப்புகள் தொழில்நுட்பத்தால் கைகூடக்கூடியனவே என்று மறுமொழி கூறியவர் கத்ரி.

இவ்வுலகில் பெண்ணின் இடம் யாது? சந்திரகாந்தாவின் தோழியாகிய சபலா ஓர் ஐயாரப் பெண். அவள் வேடமிடுகிறாள், பகைவரை ஏமாற்றுகிறாள், மயக்கப் பொடியைக் கையாளுகிறாள். சம்பாவும் அத்தகையளே. தேஜ் சிங் என்னும் ஆண் ஐயார் செய்யும் செயல்களையே இவர்களும் செய்கின்றனர். அவன் பெறும் பாராட்டையே இவர்களும் பெறுகின்றனர். நாவலின் இறுதியில் சபலா தேஜ் சிங்கையும், சம்பா தேவி சிங்கையும் மணக்கின்றனர். தொடர்ச்சி நூலாகிய ‘சந்திரகாந்தா சந்ததி’யில் இவர்களுடைய புதல்வர்களான பைரோ சிங்கும் தாரா சிங்கும் ஐயார்களாகவே வளர்ந்து நிற்கின்றனர். சூழ்ச்சியறிவு உடைய பெண் குடும்பத்திற்கு ஆகாதவள் என்னும் எண்ணத்திற்கு இந்நாவலில் இடமேயில்லை. சூழ்ச்சி இங்கு ஒரு கல்வி. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான கல்வி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசி நகரிலிருந்து எழுதிய ஒருவர் இதனை எவ்வித அறிவுரையும் இன்றி இயல்பாகச் சொல்லிச் சென்றார் என்பது எளிதில் கடந்து போகத்தக்க செய்தியன்று.

பகைமையின் இருப்பிடம் மாறியது

நாவலில் பகைமைக்குக் காரணம் ஆண்களின் வேட்கை. விஜயகட அமைச்சரின் மகன் குரூர் சிங், சந்திரகாந்தாவையும் அவள் வழிவரும் ஆட்சியையும் விரும்புகிறான். தன்னால் இயலாதபோது சுனார்கட மன்னன் சிவதத்தனை நாடி, அவனுள்ளும் அதே வேட்கையைத் தூண்டிவிடுகிறான். போரும் கடத்தலும் சிறையும் இவ்வேட்கையிலிருந்தே பிறக்கின்றன. நீரஜா குலேரியின் இயக்கத்தில் 1994இல் தூர்தர்ஷனில் தொடங்கிய தொடர் மூலத்திலிருந்து பல இடங்களில் விலகிச் சென்றதே. ஆயினும், அகிலேந்திர மிஸ்ரா நடித்த குரூர் சிங்கும் அவனுடைய ‘யக்கூ’ என்னும் ஒலிக்குறிப்பும் அத்தொடரின் முகமாக மக்கள் நினைவில் நின்றன. பகைவன் அங்கு ஆணாகவே இருந்தான். நகைப்புக்கும் உரியவனாக இருந்தான்.

2017இல் பாலாஜி நிறுவனம் தயாரித்த தொடரில் இவ்விருப்பிடம் மாறியது. இராவதியாக நடித்தவர் ஊர்வசி தோலக்கியா. 2001 முதல் 2008 வரை ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் அதே நிறுவனம் வழங்கிய ‘கசௌட்டி சிந்தகி கீ’ என்னும் குடும்பத் தொடரில் கோமோலிகா என்ற பாத்திரத்தால் நாடெங்கும் அறியப்பட்டவர் இவர். பெரிய அலங்காரப் பொட்டு, மூக்கணி, ஓரப்பார்வை, அவள் தோன்றும்போதெல்லாம் பின்னணியில் ஒலிக்கும் பெயரிசை ஆகியவற்றால் கெடுமதியாளைக் கண்டவுடன் அடையாளம் காணும் பழக்கத்தைப் பார்வையாளர்க்கு ஊட்டியது கோமோலிகா பாத்திரம். ஆகவே இராவதியின் வரவைத் தற்செயலான நடிகர் தேர்வு என்று கொள்ள இயலாது. குடும்பத் தொடரின் வரவேற்பறையில் உருவான வார்ப்பு, கத்ரியின் கோட்டைக்குள் அரச உடையில் இறக்கப்பட்டது என்பதே உண்மை.

இவ்வார்ப்பின் இலக்கணம் எளியது. நல்லவள் குறைவாக அணிவாள். தீயவள் மிகுதியாக அணிவாள். நல்லவள் அழுவாள்; தீயவள் திட்டமிடுவாள். பெண் ஒருத்தி சிந்திக்கிறாள் என்பதே அவள் தீமைக்கு முதற்சான்று. இவ்விலக்கணத்திற்குள் சபலாவுக்கு இடமில்லை. வேடமிட்டு ஏமாற்றும் பெண் கதைத்தலைவியின் உயிர்த்தோழியாக எப்படி இருக்க முடியும்? ஆதலால் ஐயாரி பின்னுக்குத் தள்ளப்பட்டு மாயவித்தை முன்னுக்கு வருகிறது. பயின்று பெறும் கலை போய், கருநிறத் தெய்வசக்தி போல் பெண்ணுடலில் குடியிருக்கும் ஆற்றல் வருகிறது. கத்ரியின் நாவலில் மயக்குவது பொடி. தொடரில் மயக்குவது பெண். பொடி மயக்கினால் தெளிவிக்க மருந்து உண்டு; பெண்ணே மயக்கமாகிவிட்டால் அவளை அழிப்பதைத் தவிரக் கதைக்கு வேறு முடிவு கிடையாது.

மாயாராணியைச் சான்று காட்டுவோர்க்கு

கத்ரியிடமே மயக்கும் சூழ்ச்சிக்காரி உண்டு. ‘சந்ததி’யில் வரும் ஜமானியாவின் மாயாராணியே இராவதிக்கு முன்னோடி என்று வாதிடுவோர் உண்டு. 24 பாகங்களாக விரிந்த அந்நூலைப் படித்தோர் இவ்வாதத்தை ஏற்கார். பெயரில் மாயை உண்டெனினும் மாயாராணியிடம் மந்திரம் இல்லை. அவள் உண்மையில் முந்தர் என்னும் பெண். இலட்சுமிதேவி மணக்க வேண்டிய கோபால் சிங் மன்னனுக்கு, தாரோகா என்னும் அலுவலனின் சதியால் மணமகளாக மாற்றி வைக்கப்பட்டவள். கணவனைச் சிறையிலடைத்து, இறந்தானென்று ஊரறியச் செய்து, ஆட்சியைக் கைக்கொள்கிறாள். பெண்வேடத்தில் அரண்மனையில் வாழும் தன்பத் என்னும் ஆண் அவளுடைய காதலன். இவை அனைத்தும் ஆள்மாறாட்டம், பொய்ச்சாவு, பதவிப் பறிப்பு என்னும் மண்ணுலகக் குற்றங்கள். தக்க சான்று கொண்டு வெளிப்படுத்தக்கூடியவை. நூலில் அவ்வாறே வெளிப்படுத்தவும் படுகின்றன.

அதனினும் முதன்மையானது, மாயாராணிக்கு எதிர்நிற்பவள் யார் என்பது. உலகத்தார் அவளுடைய தங்கையென நம்பும் கமலினியே எதிர்நிற்கிறாள். கமலினியும் அழகி, வேடமிட வல்லவள், கருவிகளைக் கையாளத் தெரிந்தவள், ஆட்களை ஏவி நடத்துபவள். தீயவளிடம் உள்ள திறன்கள் அனைத்தும் நல்லவளிடமும் உள்ளன. வேறுபாடு திறனில் இல்லை. அது எதற்குப் பயன்படுகிறது என்பதில் உள்ளது. அறிவைத் தீமையின் அடையாளமாக்கும் தொலைக்காட்சி வார்ப்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. மூலநாவலின் பிற்பகுதியில் வரும் வனகன்னியையும் இங்கு நினைவுகூரலாம். யாரென்று அறியப்படாத பேரழகி ஒருத்தி நாயகனின் மனத்தைக் கலக்குகிறாள். படிப்போரும் அவளை ஐயுறுகின்றனர். இறுதியில் அவள் சந்திரகாந்தாவே என்பது புலப்படுகிறது. மயக்குபவள் வேறு, கற்புடையவள் வேறு என்று பிரித்துப் பழகிய கண்ணுக்குக் கத்ரி வைத்த தேர்வு இது. அத்தேர்வில் தொலைக்காட்சி தோற்றது.

பெண்ணாற்றல் என்னும் வாதம்

கெடுமதியாள் பாத்திரமே தொடர்களில் ஆற்றல் மிக்கது. நாயகியர் அழுதுகொண்டிருக்க அவளே கதையை நடத்துகிறாள். ஆகவே அவளைப் பெண்ணாற்றலின் வெளிப்பாடாகக் கொள்ளலாம் என்பது மற்றொரு வாதம். இதில் ஒரு பாதி உண்மை உண்டு. நடிகையர்க்கு இத்தகைய பாத்திரங்கள் புகழும் வாழ்வும் தந்தன. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் ஆற்றலைத் தோற்கவேண்டியவளிடம் மட்டும் கொடுத்து வைப்பதை ஆற்றலளிப்பு என்று எவ்வாறு கூறுவது? அவள் எத்தனை நாள் வெல்கிறாளோ அத்தனை நாள் தொடர் நீள்கிறது. அவள் தோற்கும் நாளில் முடிகிறது. தொடரின் வணிகத்திற்கு அவள் அறிவு தேவை. தொடரின் அறத்திற்கு அவள் அழிவு தேவை. சபலாவோ வென்றபின்னும் வாழ்கிறாள். இவ்விருவரில் யார் ஆற்றல் பெற்ற பெண் என்பதைப் படிப்போர் முடிவுக்கே விடலாம்.

புலமையுலகின் பொறுப்பு

இவ்வநீதிக்குத் தொலைக்காட்சி மட்டுமே பொறுப்பன்று. கத்ரியின் நூல்களைப் படிப்பதற்கென்றே பலர் இந்தி எழுத்துகளைக் கற்றனர் என்பது அறியப்பட்ட செய்தி. இராமசந்திர சுக்லர் 1929இல் வெளியிட்ட இந்தி இலக்கிய வரலாற்றில் கத்ரியளவு வாசகரை உருவாக்கியவர் பிறரிலர் என்று ஒப்புக்கொண்டார். உடனேயே, நிகழ்ச்சிகளே மிக்க அக்கதைகள் இலக்கியத் தகுதி பெறா என்றும் தள்ளிவிட்டார். புலவர் கைவிட்ட நூலை வணிகர் எடுத்துக்கொண்டனர். மூலம் இதுவெனச் சொல்லக் கற்றோர் முன்வராதபோது, தொடரே மூலமாகிவிடுகிறது.

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் பாடம் உண்டு. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாளுகிறாள், வேடமும் அறிவும் அங்கும் பெண்ணுக்கு இழிவாகவில்லை. அந்நாவல் முதல் நாவல் என்ற சிறப்பால் பிழைத்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை.மு. கோதைநாயகி அம்மாள் முதலியோர் எழுதிக் குவித்தவற்றை நம் இலக்கிய வரலாறுகள் பலவும் ஓரிரு பத்திகளில் கடந்துவிட்டன. அவற்றில் உலவும் சூழ்ச்சிக்காரப் பெண்களும் துணிவுடைய பெண்களும் இன்னும் முறையாகத் தொகுத்து ஆராயப்பட வேண்டியவர்கள். நாம் படிக்கத் தவறினால், அவர்களுக்கும் நாளை ஓர் இராவதியின் ஒப்பனை இடப்படும்.

முடிவுரை

காட்சி ஊடகத்திற்கு மாற்றும் உரிமையை இக்கட்டுரை மறுக்கவில்லை. மாற்றப்பட்டதை மூலமெனக் கொண்டு கருத்துரைக்கும் போக்கையே மறுக்கிறது. தொடர்களை ஆய்பொருளாகக் கொள்ளும் மாணவர் முதலில் நாவலைப் படித்தல் வேண்டும். நெறியாளர் அதனை வலியுறுத்துதல் வேண்டும். பாத்திர ஒப்பீடு செய்யும்போது, கெடுமதியாள் எவ்வளவு கொடியவள் என்று அளப்பதோடு நில்லாமல், அவளுக்கு இடமளிப்பதற்காக எந்த நல்லறிவுடைய பெண் கதையிலிருந்து வெளியேற்றப்பட்டாள் என்றும் தேடுதல் வேண்டும். ‘சந்திரகாந்தா’வில் அவ்வாறு வெளியேற்றப்பட்டவள் சபலா. அவளை மீட்டுக் கொணர்தல் தொலைக்காட்சியின் வேலையன்று, நம் வேலை.