டர்போ வண்டியும் தகரக் கொட்டகையும்

"டர்போ வண்டி வாங்குகிறவன் யானை வாங்குகிறவன், தீனி போட்டே தீர்ந்து போவான்" என்று நம் விடுதி நண்பர் ஒருவர் சொல்லி வருகிறார். அதை நான் மறுக்கிறேன். மறுப்பதோடு நில்லாமல், அத்தகைய வண்டிகளைப் பழுது பார்க்கும் அறிவும் உரிமையும் யார் கையில் இருக்க வேண்டும் என்பது பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறேன். வண்டி இல்லாத தோழர்களும் சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். என்னிடமும் சொந்தமாக வண்டி இல்லை.

வேகத்திற்கென்றே டர்போ பொருத்திய சிறு கார்கள் நம் நாட்டிற்கு வந்து வெகுகாலம் ஆகவில்லை. 2013இல் போக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தது. 2015இல் 145 குதிரைத்திறனோடு அபார்த் புண்டோ வந்தது. 2017இல் மாருதி பலேனோ ஆர்எஸ், 2021இல் ஹூண்டாய் ஐ20 என் லைன், 2024இல் டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் என்று வரிசை நீண்டது. இவற்றுள் முதல் மூன்றும் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே அவை கைமாறிக் கைமாறி, பெங்களூர்ச் செல்வர் வீட்டிலிருந்து எங்கள் கோலார் தங்கவயல் இளைஞர்களிடம் வந்து சேருகின்றன. ஸ்கெலட்டன் பகுதியில் வாழும் என் தமையனாரும் இந்த இனத்தில் ஒன்றை வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை; சொன்னால் நம் இதழில் அடுத்த மூன்று மாதங்கள் அந்தச் சண்டைதான் நடக்கும்.

டர்போ என்பது மந்திரமன்று. 1905ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி காப்புரிமை பெற்ற கருத்து அது. எஞ்சின் வெளியே தள்ளும் சுடுபுகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. கூடுதல் காற்று, கூடுதல் பெட்ரோல், கூடுதல் வலிமை. அவ்வளவே. ஆனால் அந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒன்றரை இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது பெரும்பாலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். எண்ணெய் கெட்டால் தண்டு கெட்டது. மலையேறி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்தால், ஓட்டம் நின்ற எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும். சில புதிய வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் குளிர்நீரை ஓட்டும் மின்பம்பு உண்டு. இருந்தாலும், கடைசிக் கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதால் யாருக்கு என்ன நட்டம்? கம்பெனி குறித்த ரகத்து எண்ணெயையே ஊற்ற வேண்டும். பழைய வண்டியாயின் கம்பெனி சொன்ன தூரத்திற்கு முன்பாகவே மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. டிஎஸ்ஐ போன்று உருளைக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில், உள்வாயில் வால்வைப் பெட்ரோல் தொட்டுக் கழுவுவதில்லை. அங்கே கரி படியும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டி வரலாம். யானைத் தீனி என்று நண்பர் சொன்னது இவ்வளவுதான்.

அமுக்கப்பட்ட காற்று சூடேறும் என்பதைப் புத்தகத்தில் படிக்குமுன்பே அறிந்த ஊர் எங்கள் ஊர். வடஆர்க்காட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கினார்கள். ஈரமற்ற காற்று ஒரு கிலோமீட்டர் கீழிறங்கினால், தன் மேலுள்ள காற்றின் பாரத்தினாலேயே ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். பாறையின் வெப்பம் வேறு. அதனால் குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்ப வேண்டியிருந்தது. டர்போ வண்டியின் முகப்பில் இருக்கும் இன்டர்கூலர் செய்யும் வேலையும் அதே இனத்தது. டர்போவை விட்டு வரும் காற்று நூறு டிகிரியைத் தாண்டும். அதைக் குளிர்வித்துத்தான் எஞ்சினுக்குக் கொடுக்கிறார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நான் அதற்குப் பின் பிறந்தவன். ஆனால் அந்தக் கைத்தேர்ச்சி ஊரை விட்டுப் போய்விடவில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

தமையனாரின் வண்டி ஒருநாள் மேட்டில் இழுக்க மறுத்தது. மஞ்சள் விளக்கும் எரிந்தது. பெங்களூரில் பெரிய பட்டறை ஒன்றில் காட்டினார்கள். கணினியைச் செருகினார்கள்; பி0299 என்று வந்தது. அதன் பொருள், டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்பதே. ஏன் வரவில்லை என்று அந்தக் குறியீடு சொல்லாது. அவர்களோ டர்போவையே மாற்ற வேண்டும் என்று, தமையனாரின் மூன்று மாதச் சம்பளத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

வண்டி ஊருக்குத் திரும்பியது. எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் தகரக் கொட்டகையில் தொழில் செய்பவர். அவர் முதலில் டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. காற்று புகும் வாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்து, அதில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, பஞ்சர் ஒட்டும் கம்ப்ரசரால் மெல்லக் காற்றேற்றினார். சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தார். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கிற்று.

"எங்கப்பா சுரங்கத்துல காத்துக் குழாய் பாத்தவரு, தம்பி. காத்து எங்க போவுதுன்னு முதல்ல பாக்கணும். அப்புறம்தான் மிஷினைக் குத்தம் சொல்லணும்" என்றார்.

ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்பு. வண்டி இன்றும் ஓடுகிறது.

இதைச் சொல்லிக் கொட்டகைக்குக் கோயில் கட்ட வரவில்லை நான். கொட்டகையிலும் குற்றமுண்டு. புது டர்போ பொருத்தும்போது கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளி அப்புகிறார்கள். அது பிய்ந்து எண்ணெய் வழியை அடைத்தால் புது டர்போவும் சில நாளில் போய்விடும். போலி எண்ணெய் உண்டு, போலி பில்டர் உண்டு. மடிக்கணினியால் அழுத்தத்தைக் கூட்டி "பவர் ஏற்றித் தருகிறேன்" என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. இளைஞர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். எண்ணெய் மாற்றப் பணமில்லை என்கிறவர்களும் அந்த வரிசையில்தான்!

ஆனால் அந்த அண்ணனுக்குப் பழுதுநூல் கிடைத்ததா? எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு கிடைத்ததா? கம்பெனியின் சோதனைக் கருவி கிடைத்ததா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்கு எட்டவிடாமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையவாசல் ஒன்றையும் திறந்தது. நல்லதே. எனினும் வாசல் திறந்தால் போதுமா? உள்ளே கிடைக்கும் நூல் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழிலேயே தொழில் கற்ற எங்கள் அண்ணன் என்ன செய்வார்? படம் பார்த்து ஊகிப்பார். ஊகம் தவறினால் பழி அவர் தலையில்.

நாம் என்ன செய்கிறோம்? வெப்ப இயக்கவியலில் தேர்வெழுதுகிறோம். மாரிக்குப்பம் வண்டியேறி ஊருக்குப் போனால், அவர் கையிலுள்ள கிரீஸ் நம் சட்டையில் படாமல் விலகி நின்று பேசுகிறோம். தமிழில் அறிவியல் வேண்டும் என்று மன்றத்தில் முழங்குவோர் டர்போ தண்டின் ஆட்டத்தை அளப்பது எப்படி என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரட்டுமே! அண்ணன் என்னிடம் கேட்டது அதைத்தான்: முறுக்கு அளவுகள், எண்ணெய் ரகங்கள், குறியீடுகளின் பொருள்; சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரே தாளில்.

நான்கு வண்டிகளுக்கான தாளைத் தொடங்கியிருக்கிறேன். இயந்திரவியல் தோழர் ஒருவர் அளவுகளைச் சரிபார்க்கிறார். அடுத்த ஞாயிறு காலை வண்டியில் ஊருக்குப் போகிறோம். இரவல் வாங்கிய ஸ்கேனரும் உடன் வருகிறது. வர விரும்புவோர் மன்ற அறையில் பெயர் கொடுக்கலாம். பழைய சட்டை அணிந்து வரவும்.