கில்லஷாண்ட்ராவின் கடன் கணக்கு

ஆன் மெக்காஃப்ரி எழுதிய 'கிறிஸ்டல் சிங்கர்' (1982) வரிசையைப் பாட்டுக்காரியின் கதை என்பார்கள். இருபது வருடமாகக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் எனக்கு அது கடன்காரியின் கதையாகத்தான் படுகிறது :-)

கில்லஷாண்ட்ரா ரீ பத்து வருடம் சங்கீதம் படிக்கிறாள். சுருதி சுத்தம். கடைசியில், குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது, முதல் வரிசைப் பாடகியாக முடியாது என்கிறார் ஆசிரியர். இரண்டாம் வரிசையா? வேண்டவே வேண்டாம் என்று பாலிபிரான் கிரகத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். அங்கே பாடியே பாறையின் சுருதியைப் பிடித்து, கருவியையும் அதற்குச் சேர்த்துப் படிகம் வெட்ட வேண்டும்.

சேருமுன்பே ஆபத்துகளை ஹெப்டைட் கில்டு சொல்லிவிடுகிறது, சட்டம் அப்படி. பயிற்சி, கருவி எல்லாம் கடனில் ஏறும். உடம்பில் ஒட்டும் நுண்ணுயிரால் ஆயுசு நீளும், குழந்தை பிறக்காது. ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

எல்லாம் சொல்லித்தானே சேர்த்தார்கள் என்கிறார் நண்பர். எனக்கு ஒப்பவில்லை. போக்கிடம் இல்லை என்று நினைப்பவளின் காதில் நிபந்தனை எங்கே விழும்? 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்பதற்குக் கீழே படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். என் கோபம் கில்டு மேல்கூட இல்லை, பத்து வருடம் கழித்து வாய் திறந்த அந்த ஆசிரியர் மேல்தான். பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் மூன்றாவது வருடமே வாத்தியாரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தவை 'கில்லஷாண்ட்ரா' (1985), 'கிறிஸ்டல் லைன்' (1992). மறதி முற்றுவது கடைசிப் புத்தகத்தில். அதை மட்டும் ராத்திரியில் படிக்காதீர்கள்.