சுடரைத் தாழ்த்தும் புண்ணியம்

இரவுப் பயணமாகத் திருத்தலங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் நெடுஞ்சாலையில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். எதிரே வெகு தொலைவில் இரண்டு விளக்குகள் தோன்றும். நெருங்க நெருங்க அவற்றின் ஒளி கண்ணைப் பறிக்கும். சட்டென்று அந்த வெள்ளொளி தாழ்ந்து, சாலையின் மேல் மட்டும் படியும். இந்தப் பக்கத்து ஓட்டுநரும் தம் வண்டியின் விளக்கைத் தாழ்த்துவார். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று கடந்து தத்தம் வழியே இருளில் மறையும். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆயினும் அந்த ஒரு கணத்தில் ஒருவர் உயிரை மற்றவர் காத்திருக்கிறார்.

லாரி ஓட்டுநர்கள் இதை 'டிம் அடிப்பது' என்பார்கள். சரக்கு லாரிகளின் பின்புறத்தில், ஒலி எழுப்பச் சொல்லும் வாசகத்துக்குப் பக்கத்திலேயே, இரவில் விளக்கைத் தாழ்த்தச் சொல்லும் வாசகமும் வண்ண எழுத்துகளில் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். நெடுஞ்சாலையில் வாழ்நாளைக் கழிக்கும் அவர்களுக்குள் விளக்குகளாலேயே பேசிக்கொள்ளும் ஒரு மொழி வழங்குகிறது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று மேட்டில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் வேனுக்கு முன்னே உள்ள சாலை தெரியாது. லாரியின் முதுகு மட்டுமே தெரியும். லாரி ஓட்டுநர் எதிரே பார்க்கிறார். வழி வெறுமையாக இருந்தால் இடப்புறச் சிறுவிளக்கைச் சிமிட்டுவார். அல்லது உதவியாளர் கையை வெளியே நீட்டி 'போகலாம்' என்று அசைப்பார். எதிரே வண்டி வருமானால் வலப்புற விளக்கைச் சிமிட்டி, 'பொறு' என்று தடுப்பார். கடந்து சென்ற வண்டி சுருக்கமாக ஓர் ஒலி எழுப்பும். அதுவே நன்றி.

இது சிறிய உதவியாகத் தோன்றலாம். உண்மையில், முன்னே செல்பவர் தம் கண்களைப் பின்னே வருபவருக்குக் கடனாகக் கொடுக்கிறார். தாம் கண்டதை, காண முடியாத ஒருவருக்குச் சொல்கிறார். சாலையில் விபத்து நேர்ந்திருந்தாலும், மரம் விழுந்து கிடந்தாலும், மாடுகள் படுத்திருந்தாலும், அந்த இடத்தைக் கடந்து வந்த லாரி, எதிரே வரும் வண்டிகளுக்கு விளக்கைச் சிமிட்டி எச்சரித்துக்கொண்டே போகும். தம்முடைய ஆபத்து நீங்கிய பிறகும் பிறருடைய ஆபத்தை மறவாமை அது.

இந்தப் பண்பு இந்நாட்டுச் சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சரக்கு வண்டியின் பின்னிணைப்பு மட்டுமே பொதுவாக 53 அடி நீளம் இருக்கும். அத்தகைய வண்டி மற்றொன்றை முந்தும்போது, தன் வால்பகுதி முழுவதும் கடந்துவிட்டதா என்பதை முன்னிருக்கையில் இருக்கும் ஓட்டுநர் உறுதியாக அறிவது கடினம். அப்போது முந்தப்பட்ட வண்டியின் ஓட்டுநரே விளக்கைச் சிமிட்டி, 'கடந்துவிட்டீர். இனி என் முன்னே வரலாம்' என்று தெரிவிக்கிறார். முந்தியவர் தம் பின்விளக்குகளை ஓரிரு முறை மினுக்கி நன்றி சொல்கிறார். இதில் ஒரு நுட்பமும் உண்டு. இரவில் பேரொளியைச் சிமிட்டினால் முன்னே செல்பவரின் கண்ணாடியில் பட்டு அவர் கண் கூசும். ஆகையால் அனுபவம் மிக்கவர்கள் ஒளியைக் கூட்டாமல், விளக்கை ஒரு கணம் அணைத்து ஏற்றியே சைகை காட்டுகிறார்கள். தம்மை முந்திச் சென்றவர் மீது சினம் கொள்ளாமல், அவருக்கு வழியும் சொல்லி, அவர் கண்ணுக்கும் இதம் செய்யும் உள்ளத்தைப் பெரிய உள்ளம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் சைகைகளுக்கு ஓர் எல்லை உண்டு. அவற்றின் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்தியச் சாலைகளில் எதிர் வண்டி விளக்கைச் சிமிட்டினால், பெரும்பாலும் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். பிரிட்டனில் பலர் அதையே 'நீங்கள் போகலாம்' என்ற பொருளில் செய்கிறார்கள். அந்நாட்டுச் சாலை விதிநூலோ, 'இங்கே ஒரு வண்டி இருக்கிறது' என்று உணர்த்துவதற்கு அன்றி வேறு எதற்கும் விளக்கைச் சிமிட்டலாகாது என்கிறது. இங்கேயும் வலப்புற விளக்கைச் சிலர் 'வராதே' என்பதற்கும், சிலர் 'இந்தப் பக்கமாகக் கடந்து போ' என்பதற்கும் பயன்படுத்துவது உண்டு. ஆகவே பிறர் காட்டும் சைகையை நன்றியோடு ஏற்க வேண்டும். ஏற்ற பின்பும், வழி உண்மையாகவே வெறுமையாக இருக்கிறதா என்று தன் கண்ணால் காணாமல் அடி எடுத்து வைக்கலாகாது. வழிகாட்டி அருகில் இருந்தாலும் விவேகத்தைக் கைவிடக் கூடாது என்று பெரியோர் சொல்வது ஆன்மிகப் பாதைக்கு மட்டுமன்று, தார்ச்சாலைக்கும் பொருந்தும்.

எந்த ஊரிலும் பொருள் மாறாத சைகை ஒன்று உண்டு. எதிரே வருபவருக்காகத் தன் விளக்கைத் தாழ்த்துவதே அது. அதன் அருமையை ஒரு சிறு கணக்குக் காட்டிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. எதிர் விளக்கின் கூச்சத்தால் ஓட்டுநர் மூன்று வினாடிகள் பார்வை தடுமாறினால், அந்த வண்டி 50 மீட்டர் தூரம் பார்வையின்றியே ஓடியிருக்கும். அந்த 50 மீட்டரில் ஒரு மிதிவண்டி இருக்கலாம். ஒரு கன்று இருக்கலாம். ஒரு குழந்தையின் கையைப் பிடித்த தாய் இருக்கலாம். வயது ஏற ஏறக் கூச்சத்திலிருந்து கண் மீள்வதற்கு ஆகும் நேரமும் கூடுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு ஒளி சிதறிப் பாதையே மறைந்துபோகும்.

இதை உணர்ந்தே 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முகப்பு விளக்கின் ஒளி 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரைக் கூசச் செய்யாதவாறு தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது தாழ்த்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. சாலையோரம் நடந்து செல்லும் ஒரு மனிதரின் கண்ணும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. முன்னாளில் பேருந்துகளிலும் லாரிகளிலும் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒன்று வைத்திருந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் பிறர் கண்ணுக்காக வைத்த பொட்டே. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக அரளி பூத்து நிற்பதும் வெறும் அழகுக்காக அன்று. எதிர்த் திசையிலிருந்து வரும் விளக்கொளியை அந்தச் செடிகள் திரைபோல நின்று தடுக்கின்றன. இறைவனுக்கு மாலையாகும் அரளி, வழிப்போக்கருக்குத் திரையாகவும் நிற்கிறது.

விளக்கின் பெருமை பேசும் தலங்களுள் திருமறைக்காடு என்னும் வேதாரண்யம் தலையாயது. 'வேதாரண்யம் விளக்கழகு' என்பது ஊரறிந்த வழக்கு. அங்கே கருவறையில் ஒரு விளக்கு அணையும் நிலையில் இருந்தது. நெய்யை உண்ண வந்த எலி ஒன்றின் மூக்குத் திரியில் பட்டது. திரி தூண்டப்பட்டது, சுடர் நிமிர்ந்து எரிந்தது. அறியாமல் செய்த அந்தத் தொண்டுக்கே இரங்கிய இறைவன், அந்த எலியை மறுபிறவியில் மூவுலகும் ஆளும் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறப்பித்தார் என்கிறது தலபுராணம். அப்பர் பெருமானும் தம் தேவாரத்தில் இதைக் குறித்திருக்கிறார்.

அந்த வரலாறு அங்கே முடிந்துவிடுவதில்லை. சுடரை நிமிர்த்தியதனால் அரசனான அந்த மகாபலியே, மூன்றாவது அடிக்கு இடம் கேட்டு வாமனர் நின்றபோது தம் தலையைத் தாழ்த்தினார். நிமிர்த்தியதனால் கிடைத்தது மண்ணுலகமும் விண்ணுலகமும். தாழ்த்தியதனால் கிடைத்ததோ திருமாலின் திருவடி. சுடரை ஏற்ற வேண்டிய இடமும் உண்டு, தாழ்த்த வேண்டிய இடமும் உண்டு. கருவறையில் அணையும் விளக்கைத் தூண்டுவது தொண்டு. எதிரே ஓர் உயிர் வரும்போது தன் விளக்கைத் தாழ்த்துவதும் தொண்டே. எலி அறியாமல் செய்தது. ஓட்டுநரோ அறிந்தே செய்கிறார்.

லாரித் தொழிலுக்கும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல்லில் இந்தக் கருத்து சிலையாகவே நிற்கிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகச் செல்கிறது. மலையைக் குடைந்து அமைத்த திருக்கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்க, அவரை நோக்கியபடி 18 அடி உயர ஆஞ்சநேயர், மேலே கூரையின்றி, வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். சஞ்சீவி மலையைப் பெயர்த்து எடுத்த கைகள் அவை. அந்தக் கைகள் அங்கே கூப்பியிருக்கின்றன. எத்தனையோ ஓட்டுநர்கள் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, அவரை நினைந்தே பயணத்தைத் தொடங்குகிறார்கள். வலிமை மிக்கவரே வணங்கி நிற்க வேண்டும் என்பதை அந்தத் திருவுருவம் உணர்த்துகிறது. பல டன் பாரம் சுமந்த லாரி, எதிரே வரும் ஓர் இருசக்கர வண்டிக்காகத் தன் விளக்கைத் தாழ்த்தும்போது, அந்தக் கூப்பிய கைகளின் பாடத்தையே நிறைவேற்றுகிறது.

பக்தர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழநியை நோக்கிப் பாதயாத்திரை செல்வோர், வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். காவல்துறையினர் அவர்களுடைய பைகளிலும் முதுகிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பட்டை, தன் மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்பி, இங்கே ஓர் அடியார் நடக்கிறார் என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது. ஆனால் எதிர் வண்டியின் பேரொளியால் ஓட்டுநரின் கண் கூசிவிட்டால், சாலையோரத்தில் மின்னும் பட்டையும் அவருக்குத் தெரியாது. முருகன் பெயரைச் சொல்லி நடப்பவரின் உயிர், யாரோ ஒருவர் தம் விளக்கைத் தாழ்த்துவதில் அடங்கியிருக்கிறது.

அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் மற்றொரு பக்தர் குடும்பத்தின் வேனை ஓட்டிச் செல்பவராகவே இருப்பார். திருவிழாக் காலங்களில் வாடகை வேன்கள் சாலையை நிறைக்கின்றன. தொழிற்சாலையில் பொருத்திய விளக்கு போதாதென்று கூடுதல் ஒளி விளக்குகளைப் பொருத்திய வண்டிகளும் அவற்றுள் உண்டு. உள்ளே பக்திப் பாடல் ஒலிக்கும். வெளியே எதிரில் வருபவர்களின் கண்கள் இருளும். இளையவர்கள் உறங்கும் நேரத்தில் உறக்கம் வராமல் விழித்திருப்பவர்கள் மூத்தோரே. அவர்கள் கனிவாக, "தம்பி, எதிரே வண்டி வருகிறது, விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தப்பா" என்று சொன்னால், எந்த ஓட்டுநரும் தட்ட மாட்டார். வண்டியை வாடகைக்குப் பேசும்போதே கூடுதல் விளக்குகள் வேண்டாம் என்று சொல்லிவிடுவது இன்னும் நன்று. பாதயாத்திரை செல்லும் பிள்ளைகளுக்கு வெளிர்நிற ஆடையும் ஒளிப்பட்டையும் கட்டாயம் என்று வீட்டில் வற்புறுத்துவதும் அவர்களால் ஆகும்.

திருக்கோயிலில் தீபாராதனை முடிந்ததும் அர்ச்சகர் தட்டை எடுத்து வருகிறார். மூலவருக்கு முன்னே உயர்த்திக் காட்டிய அதே சுடரை, அடியார்களுக்கு முன்னே தாழ்த்திப் பிடிக்கிறார். கைகள் அதன் மேல் குவிந்து, கண்களில் ஒற்றிக்கொள்கின்றன. தாழ்த்திப் பிடிப்பதனால்தான் குழந்தையும் முதியவரும் அதைத் தொட முடிகிறது.

அடுத்த முறை இரவுப் பயணத்தில், எதிரே வரும் லாரி ஒன்று தன் விளக்கைத் தாழ்த்திக் கடந்து போகும். அதை ஓட்டுபவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பல நாட்கள் ஆகியிருக்கலாம். அவர் நலமாக ஊர் போய்ச் சேரவேண்டும் என்று அந்த நொடியில் ஆஞ்சநேயரை ஒருமுறை நினைப்பது, அவர் காட்டிய மரியாதைக்குத் திருப்பிச் செலுத்தும் மரியாதையாகும்.