கோல் அடிக்காதவர்களின் கணக்கு

இங்கிலாந்து பிரீமியர் லீக் போட்டிகளை ஒட்டி இணையத்தில் நடத்தப்படும் 'பேண்டஸி' உதைபந்தாட்டத்தில் 2025/26 பருவகாலத்தில் ஒரு விதி புதிதாகச் சேர்ந்தது. எதிரணியின் பந்தை இடைமறித்தவர், காலை நீட்டித் தட்டிப் பறித்தவர், கோலை நோக்கி வந்த அடியைத் தன் உடம்பால் தடுத்தவர், ஆபத்தான இடத்திலிருந்து பந்தை வெளியே அடித்தவர் ஆகியோருக்கும் புள்ளி வழங்கப்படும் என்பதே அந்த விதி. பொழுதுபோக்கு ஒன்றில் வந்த சின்னத் திருத்தந்தானே என்று பலர் இதைக் கடந்து போயிருப்பார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஓர் ஆட்டத்தில் உழைப்பு என்று எதைச் சொல்கிறோம், யாருடைய பெயரை எழுதி வைக்கிறோம் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு புதிய பதில். வாவிக்கரையில் விளையாடும் நமது பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் கணக்கில் 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணம் தரப்படும். அதைக் கொண்டு 15 வீரர்களை வாங்க வேண்டும். ஒரு கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்க முடியாது. அந்த வீரர்கள் மெய்யான ஆட்டத்தில் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளி சேரும். 2002ஆம் ஆண்டு தொடங்கிய இவ்விளையாட்டில் அண்மைய பருவகாலங்களில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பங்குபற்றியிருக்கிறார்கள். மட்டக்களப்பு இளைஞர் ஒருவரும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அவருடைய மச்சானும் ஒரே குழுவில் போட்டியிடுவது இன்று வெகு சாதாரணம். இதில் சேரக் கட்டணம் இல்லை. பணம் கட்டி ஆடும் பேண்டஸி வேறு. இந்தியாவில் 2025 ஓகஸ்டில் வந்த சட்டம் தடை செய்தது அதைத்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த வகை விளையாட்டு பிறந்த இடம் எனது தொழிலோடு நெருங்கியது. 1962இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்தவரான பில் விங்கன்பாக் என்பவர் இதற்கு வித்திட்டபோது அவரோடு சேர்ந்து நின்றவர்களுள் 'ஓக்லண்ட் ட்ரிபியூன்' பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். 1980இல் பேஸ்போலுக்கு இதுபோன்ற ஒன்றை அமைத்த டேனியல் ஓக்ரென்டும் எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர். அவர்களுக்குக் கணினி இல்லை. காலைப் பத்திரிகையில் அச்சான எண்களைப் பார்த்துத்தான் புள்ளி போட்டார்கள். ஆகவே பத்திரிகையில் எது அச்சாகுமோ அதற்கு மட்டுமே புள்ளி. அடித்தவர் பெயர் அச்சாகும். தடுத்தவர் பெயர் அச்சாகாது. தடுத்தவருக்குத் திறமை இல்லை என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் செய்ததை எழுதி வைக்க ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதி வைக்கும் ஆள் பின்னர் வந்தார். 1996இல் தொடங்கிய ஒப்டா நிறுவனம் பிரீமியர் லீக் ஆட்டங்களில் வீரர்களின் கால்பட்ட ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் பேண்டஸி விளையாட்டின் புள்ளிப் பட்டியல் நெடுங்காலம் கோலையும், கோலுக்கு வழி செய்த இறுதிப் பாஸையுமே பெரிதாக மதித்தது. 2015/16இல் லெஸ்டர் சிட்டி சம்பியனான கதையை எடுத்துக்கொள்வோம். ஜேமி வார்டி லீக்கில் 24 கோல் அடித்தார். பேண்டஸிப் புள்ளிகளில் அவருடைய சகவீரர் ரியாத் மஹ்ரேஸ் முதலிடம் பெற்றார். அதே அணியில் பந்தைப் பறிப்பதிலும் இடைமறிப்பதிலும் லீக்கிலேயே முன்னின்ற என்கோலோ கான்டேயின் உழைப்புக்கு அந்தப் பட்டியலில் பெறுமதி மிகக் குறைவு. அடுத்த ஆண்டு அவர் செல்சிக்குப் போனார், செல்சி சம்பியனானது. லெஸ்டர் பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கியது. புள்ளிப் பட்டியலுக்குத் தெரியாதது லீக் பட்டியலுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு முன்னரும் ஒரு பாடம் நடந்தது. 2003 கோடையில் ரியல் மட்ரிட் கழகம் டேவிட் பெக்கமை வாங்கியது. குளோட் மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. முன்னவர் முகம் சுவரொட்டிக்கு உகந்தது. பின்னவர் வேலை நடுக்களத்தில் நின்று எதிரணியின் பந்தைப் பறித்து அருகில் நிற்பவருக்குக் கொடுப்பது. அதன் பின்னர் மட்ரிட் மீண்டும் ஸ்பானிய லீக்கை வெல்ல 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்சியோ 2004/05இல் 38 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துச் சம்பியனானது. இந்த உயர்வுக்கும் சரிவுக்கும் ஒரே மனிதர்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அவருடைய வேலைக்கு விலை போடத் தெரியாதவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி, அணி தெரிவு செய்யும் இளைஞர்களுக்காகக் கணக்குக்கு வருவோம். 2025/26 விதிகளின்படி பின்கள வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் வெளியே அடித்தல், தடுத்தல், இடைமறித்தல், பறித்தல் ஆகிய நான்கிலும் சேர்த்து 10ஐ எட்டினால் 2 புள்ளி. நடுக்கள, முன்கள வீரர்களுக்கு எல்லை 12. அவர்களுக்கு மட்டும் யாருக்கும் சொந்தமில்லாத பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். 60 நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால் 2 புள்ளி. அணி கோல் விட்டுக்கொடுக்காவிட்டால் பின்கள வீரருக்கும் கோல் காப்பாளருக்கும் 4 புள்ளி. முன்கள வீரர் அடிக்கும் ஒரு கோலுக்கும் 4 புள்ளிதான்.

கூட்டிப் பாருங்கள். கோல் விடாத ஆட்டத்தில் 10ஐ எட்டிய பின்கள வீரருக்கு 8 புள்ளி. ஒரு கோல் அடித்த முன்கள வீரருக்கு 6 புள்ளி. போனஸ் புள்ளிகளை நான் இங்கே சேர்க்கவில்லை. 38 ஆட்டங்களில் பாதியில் அந்த எல்லையைத் தொடும் பின்கள வீரருக்கு 19 ஆட்டங்களில் 38 புள்ளி மேலதிகமாகச் சேரும். அது முன்கள வீரர் ஒருவரின் 9 அல்லது 10 கோல்களுக்குச் சமன். விலையையும் பாருங்கள். 2025/26 தொடக்கத்தில் மொஹமட் சலாஹ்வின் விலை 14.5 மில்லியன். முந்திய பருவகாலத்தில் 29 கோல், 18 இறுதிப் பாஸ் என்று 344 புள்ளி சேர்த்துச் சாதனை படைத்தவருக்கு அந்த விலை நியாயமே. ஆனால் 5 மில்லியனை ஒட்டிய விலையில் எவர்டனின் ஜேம்ஸ் தார்கோவ்ஸ்கி போன்ற உழைப்பாளிகள் கிடைத்தார்கள். பலரும் முழுப் பணத்தையும் முன்வரிசையில் கொட்டிவிட்டுப் பின்வரிசையை மிஞ்சிய சில்லறையில் நிரப்புகிறார்கள். வீட்டுக்கு முகப்பைக் கட்டிவிட்டுக் கூரைக்குக் கடன் தேடுவது போன்ற வேலை அது.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, முழு நேரமும் ஆடுபவரை எடுக்க வேண்டும். எழுபதாவது நிமிடத்தில் வெளியே வருபவர் 10ஐ எட்டுவது கடினம். இரண்டாவது, பக்கவாட்டில் ஓடும் பின்கள வீரரைவிட நடுவில் நிற்பவருக்கே இந்த வேலை அதிகம் வரும். மூன்றாவது, 9 செய்தவருக்குப் புள்ளி இல்லை. 20 செய்தவருக்கும் 2தான். எனவே ஒருநாள் மின்னி மறுநாள் மறைபவரைவிட வாரந்தோறும் 11, 12 என்று நிற்பவரே நமக்கு வேண்டியவர். நான்காவது, மஞ்சள் அட்டைக்கு ஒரு புள்ளி கழியும். முரட்டுத்தனமாகப் பறிப்பவர் ஒரு கையால் தந்து மறு கையால் வாங்கிவிடுவார். ஐந்தாவது, கோல் காப்பாளர் மூன்று பந்தைத் தடுத்தால் ஒரு புள்ளி. பெனல்டியைத் தடுத்தால் 5. அதனால் பட்டியலின் கீழ்ப்பாதி அணியின் காப்பாளர் எப்போதும் ஏமாற்றுவார் என்று நினைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. மேற்சொன்ன கணக்கு நெருக்கடியில் இருக்கும் அணிக்குச் சாதகமானது. பந்தை எப்போதும் தன் வசம் வைத்திருக்கும் அணியின் பின்கள வீரருக்குத் தடுக்க வேலை இல்லை. முற்றுகைக்குள் நிற்கும் அணியின் வீரரே 15 தடவை பந்தை வெளியே அடிக்கிறார். தீயை அணைத்தவரை எண்ணுகிறோம். தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை எண்ணுவதில்லை. சரியான இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கும் வீரரை நோக்கி எதிரணி பந்தையே அனுப்பாது. அவர் ஒன்றும் செய்யவில்லை என்று ஏடு சொல்லும். 2001இல் மன்செஸ்டர் யுனைட்டட் முகாமையாளர் அலெக்ஸ் பேர்குசன், உலகின் தலைசிறந்த பின்கள வீரர்களில் ஒருவராகக் கருதப்பட்ட யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோ கழகத்துக்கு விற்றார். அதற்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. அவர் முன்னரைவிடக் குறைவாகவே பந்தைப் பறிக்கிறார் என்று காட்டிய எண்கள் அவற்றுள் ஒன்று என்று சொல்லப்படுகிறது. அந்த விற்பனை தவறென்று பேர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆகவே பேண்டஸி அணிக்கு எண்ணைப் பார்த்து எடுங்கள். மெய்யான அணிக்கு ஆட்டத்தைப் பார்த்து எடுங்கள்.

மெய்யான அணி என்று சொல்லும்போது நமது ஊர் மைதானங்களே நினைவுக்கு வருகின்றன. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்லடியிலும் வாழைச்சேனையிலும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் ஊரே திரண்டு நிற்கும். பரிசளிப்பில் ஆட்ட நாயகன் பெரும்பாலும் கோல் அடித்தவர்தான். கூடிய கோல் அடித்தவருக்கு ஒரு கிண்ணம். சில இடங்களில் சிறந்த கோல் காப்பாளருக்கும் ஒன்று. பின்வரிசையில் தலையாலும் மார்பாலும் பந்தை வாங்கி நின்ற பையனுக்குக் கைதட்டல்கூடக் கிடைப்பது அரிது. மறுநாள் பத்திரிகையில் இரண்டு அங்குலச் செய்தியில் இடம்பெறுவது எண்ணிக்கையும் அடித்தவர்களின் பெயர்களும்தான். பின்னர் மாவட்ட அணிக்கு ஆள் தேடும்போதும், படையணிக் கழகங்களோ பொலிஸ் கழகமோ வீரர் தேடும்போதும் யாருடைய பெயர் வெளியில் தெரிகிறதோ அவருக்கே முதல் அழைப்பு வரும். வறிய வீட்டுப் பையன் ஒருவனுக்கு அந்த அழைப்பு ஒரு தொழில், மாதச் சம்பளம். எழுதப்படாத பெயர் என்பது அவனைப் பொறுத்தவரை மனக்குறையோடு முடிகிற விடயம் அல்ல.

கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். மீன் சேர்வது மடியில். ஆனால் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து மணலில் பின்னோக்கி நடந்தவர்கள் இல்லாமல் மடி கரைக்கு வராது. அதனால் அவர்களுக்கும் பங்கு உண்டு. மடியைத் தூக்குபவருக்கு மட்டுமே பங்கு என்று யாராவது சொன்னால் மறுநாள் கயிறு பிடிக்க ஆள் வராது. கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த இந்த நியாயம் மைதானத்துக்குள் நுழைந்ததும் மறந்துபோகிறது. இத்தனைக்கும் மட்டக்களப்பின் பிரதான மைதானத்துக்கு நாம் வைத்திருப்பது புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மாணவரைப் பயிற்றுவித்த அருட்தந்தை வெபரின் பெயர். ஓடி வென்றவர்களின் பெயரை விட்டு அவர்களை ஓடவைத்தவரின் பெயரைத் தெரிந்தெடுத்த ஊர் நமது ஊர். ஆகவே இந்தப் பண்பு நமக்கு அந்நியமானதன்று.

சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களிடம் இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஒன்று, கோட்டுக்கு வெளியே ஓர் உயர்தர வகுப்பு மாணவனைக் கொப்பியோடும் பென்சிலோடும் உட்கார வையுங்கள். யார் எத்தனை தடவை பறித்தார், இடைமறித்தார், தடுத்தார் என்று கோடு போட்டுக்கொண்டு வரட்டும். பேண்டஸி ஆடும் பிள்ளைகளுக்கு இது ஏற்கெனவே பழகிய கணக்கு, விருப்பத்தோடு செய்வார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்துப் பத்திரிகை நிருபருக்கு அனுப்பலாம். எண்ணிக்கை கைக்கு வந்தால் செய்தியில் ஒரு வரி சேர்ப்பது எந்த நிருபருக்கும் சிரமமில்லை.

மற்றையது, சிறந்த தடுப்பு வீரருக்கு ஒரு பரிசு வையுங்கள். ஆனால் கொப்பியை மட்டும் நம்பி அதைக் கொடுக்க வேண்டாம். ஸ்டாமுக்கு நேர்ந்தது இங்கும் நேரலாம். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் முன்கள வீரர்களைக் கூப்பிட்டு, "இன்றைக்கு உங்களை ஆடவிடாமல் செய்தவர் யார்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொண்ணூறு நிமிடமும் அவனோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியாததா? தோற்ற அணியின் பையனுக்கு வென்ற அணி வாக்களிக்கும் நாளும் வரலாம். அப்படி வந்தால் இரண்டு ஊர்களுக்கு இடையிலான பகையும் கொஞ்சம் குறையும்.

இலண்டனில் இருந்து நடத்தப்படும் ஒரு விளையாட்டு, தடுத்தவனுக்கு 2 புள்ளி கொடுக்க 20 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அடுத்த சுற்றுப்போட்டிக்குத் துண்டுப்பிரசுரம் அச்சடிக்கும்போது பரிசுப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்க நமது கழகங்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.