வளவை ஒப்பந்தகாரரிடம் விட்டுவிடலாமா?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவர்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் கட்டுவிப்பவர்கள், வீட்டுக்குக் காட்டும் சிரத்தையில் பத்திலொரு பங்கைத்தானும் வளவுக்குக் காட்டுவதில்லை என்பது எனது நீண்டநாள் விசனம். அறைகள் எத்தனை, குளியலறை ரைல்ஸ் என்ன நிறம் என்பதெல்லாம் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசப்படும். வளவு என்று வந்ததும் ஒப்பந்தகாரரிடம் ஒரே வசனம்: "முழுக்கக் கல்லுப் பதிச்சு விடுங்கோ." அவருக்கும் அதுவே விருப்பம். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு எழுத வசதி. எஞ்சிய மூலையில் இரண்டு அலங்காரப் பனை, நான்கு பூச்சாடி, சுருட்டிக் கொண்டுவந்த புல். வேலை முடிந்தது.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஊரில் இருப்பது எழுபதைத் தாண்டிய அம்மா மட்டுமே, குப்பை கூட்ட ஆளில்லை, மழைக்குச் சேறு, பற்றை வளர்ந்தால் பாம்பு, தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. எல்லாம் உண்மை. ஆனால் அதே அம்மா குடிப்பது அதே வளவின் கிணற்று நீரைத்தானே?

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே எங்கள் நன்னீர். அதுவும் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் நீர். 4 பரப்புக் காணி ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். ஆக, அதன்மேல் ஒரு வருடத்தில் விழுவது பன்னிரண்டரை இலட்சம் லீற்றர். ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கை மரங்கள் குடிக்கும், மிகுதி மண்ணுக்குள் இறங்க வேண்டியது. கல் பதித்த முற்றத்தில் விழுவதோ படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு ஓடுகிறது. ஒழுங்கையில் வெள்ளம் என்று பிரதேச சபையைத் திட்டுபவர்களும் நாங்களேதான்.

ஆகவே வளவைத் திட்டமிடும் வேலையைக் காணிக்காரரே செய்யவேண்டும் என்பது எனது அபிப்பிராயம். அதற்குப் பட்டம் ஒன்றும் தேவையில்லை. ஜெப்ரி பாவா 1948 இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையை வாங்கித் தோட்டம் அமைக்கத் தொடங்கியபோது அவர் கட்டடக் கலைஞரல்லர், சட்டத்தரணி. கட்டடக்கலைத் தகைமையை 1957 இல்தான் பெற்றார். அந்தத் தோட்டத்தைப் பல தசாப்தங்களாகத் திருத்திக்கொண்டே இருந்தார். (அவருக்கு ஈரவலயத்து மழையும் ஒரு பழைய றப்பர்த் தோட்டமும் வாய்த்தன. நமக்கு நாலு பரப்பும் ஒரு கிணறும். அது வேறு விடயம்.)

எனது காணியில் அத்திவாரம் வெட்ட முன்பே ஒரு கொப்பித் தாளில் கிணறு, நிற்கும் மரங்கள், வெயில், காற்று ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். காலையிலும் பிற்பகல் 3 மணிக்கும் காணிக்குள் நின்று பார்த்தால் பாதி விடயம் விளங்கிவிடும். எமது அகலக்கோட்டில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் வடக்குப் பக்கமே சாய்ந்து நிற்கிறது. ஐரோப்பிய நூல்களைப் பார்த்துத் தெற்கில் மட்டும் நிழல் தேடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மாலை வெயிலும் சோளகக் காற்றும் ஒரே பக்கத்துப் பகைவர்கள். ஆதலால் எனது வேம்பு தென்மேற்கு மூலையில், சுவரிலிருந்து 30 அடி தள்ளி நிற்கிறது. குளிக்கும் நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போகிறது. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். கல்லின் வெடிப்புகள் அளவுகோல் பார்ப்பதில்லை.

தென்னைக்குத் தென்னை 26 அடி வேண்டும். இதைக் கேட்டதும் பலர் முகம் சுழிப்பர். வீடும் கிணறும் போக நாலு பரப்பில் நான்கைந்துதான் வைக்கலாம். அது சிறு குடும்பத்தின் கறிக்குப் போதும். குழி 3 அடி ஆழம். வலிகாமத்துச் செம்மண்ணில் மண்வெட்டியே காணும். கல் மேலே வந்த இடங்களில் அலவாங்கு பிடிக்க வேண்டும். அடியில் பொச்சுமட்டை அடுக்கினால் கோடையிலும் ஈரம் நிற்கும். நடுவதற்குக் காலம், மழை தொடங்கும் ஒக்ரோபர். நம்மவர்களோ நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, கொதிக்கும் ஓகஸ்டில் கன்று நட்டுப் படமும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். அடுத்தமுறை வரும்போது நிற்பது காய்ந்த தடி.

மதிலைப் பற்றியும் சொல்லவேண்டும். பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்கள் நிற்கும் வேலி வெள்ளத்தை மறிக்காது. குழை ஆட்டுக்கும் ஆகும், தோட்டத்தில் தாழ்த்தப் பசளையுமாகும். இரவோடிரவாகக் கதியாலை ஒரு முழம் அரக்கும் கலையில் எங்களவர் தேர்ந்தவர்கள் என்பதையும், மதில்கள் வந்தபின் அவ்வாறான வழக்குகள் குறைந்திருக்கக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். இருந்தும், 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இருபது முப்பது வருடங்களின் பின் திரும்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வீடு இடிந்து எல்லையும் அழிந்த பற்றைக்குள் அவர்களில் பலர் தங்கள் காணியை அடையாளம் கண்டது கிணற்றையும் எஞ்சிய பழைய மரங்களையும் வைத்துத்தான்.

அம்மாவின் கால் சேறு படாதிருக்க வழி இருக்கிறது. படலையிலிருந்து விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கும் 4 அடி அகலத்தில் கல் பதித்த நடைபாதை போதும். மற்ற இடமெல்லாம் பழையபடி மணல் முற்றமாக இருக்கட்டும். கூட்டும் சருகு தென்னம்பாத்திக்குப் போகட்டும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற அயலிலுள்ள ஒருவருக்குக் கூலி கொடுக்கவேண்டி வரும். வளவு முழுவதும் கல் பதிக்க ஒதுக்கிய பணத்தில் அதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கூரை மழைநீரைச் சேர்க்க ஒரு தொட்டியும் கட்டிவிடலாம்.