ஒரு பக்கத் தமிழ்

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். வழக்கம்போல மூன்று வெள்ளை டப்பாக்களில் ஊறுகாய். எலுமிச்சை, நார்த்தங்காய், மாவடு என்று துண்டுக் காகிதத்தில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள். ஏழாவது படிக்கும் என் மகள் தயிர்சாதத் தட்டோடு வந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்து மாவடுவைக் கண்டுபிடித்தாள்.

"மேலதான் எழுதியிருக்கே கண்ணு" என்றாள் அம்மா.

"எனக்குத் தமிழ் படிக்க வராது பாட்டி" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு டிவி பக்கம் போய்விட்டாள். அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் எங்களைப் போன்ற பல வீடுகளில் இதுதான் நிலைமை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டுக்குள் காதால் வந்து வாயால் போகிற பாஷை. பேச்சில் குறையில்லை, பாட்டியோடு சண்டைகூடப் போடுவாள். எழுத்துதான் இல்லை.

நான் முயற்சி செய்யவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அரிச்சுவடி வாங்கினோம். திருக்குறள் மனப்பாடம் செய்ய வைத்தோம், பத்துக் குறள் வரை வந்தது. பிறகு ஆர்வக்கோளாறில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் வாங்கி அலமாரியில் அடுக்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் குழந்தைக்கு ஐந்து பாகம்! நீச்சல் தெரியாதவனைக் காவிரி வெள்ளத்தில் தள்ளிவிட்ட மாதிரி.

கடைசியில் வேலைக்கு ஆனது, நான் எதிர்பார்க்காத ஒன்று. சுஜாதாவின் பத்தி எழுத்து.

தினமும் ஆபீஸுக்கு பி.இ.எல். சர்க்கிளைத் தாண்டித்தான் போகிறேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அவர் எஸ். ரங்கராஜன் என்ற என்ஜினியர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு. வீட்டுக்கு வந்தால் மனைவியின் பெயரில் எழுத்தாளர். 2008 பிப்ரவரியில் அவர் சென்னையில் காலமானபோது, இங்கே பல தமிழ் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் போன மாதிரி ஒரு துக்கம் இருந்தது.

அவருடைய 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்', 'கற்றதும் பெற்றதும்' தொகுப்புகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு பக்கம். முதல் பத்தியை நான் படிப்பேன். மிச்சத்தை அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். ஒருநாள் கவிதை, ஒருநாள் சினிமா, ஒருநாள் கம்ப்யூட்டர், நடுவில் ஸ்ரீரங்கத்துச் சின்னவயசு ஞாபகம். பிடிக்காவிட்டாலும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்பது பெரிய ஆறுதல், அவளுக்கும் எனக்கும்.

இது ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தபோதுதான் நாம் செய்யும் தவறு புரிந்தது. வெளியூரில் இருக்கும் நாம் குழந்தைகளுக்குத் தமிழை எப்படிக் கொடுக்கிறோம்? பொங்கல், கோலம், ராஜா ராணி, நாங்கள் சின்ன வயதில் குளித்த வாய்க்கால். எல்லாம் நம்முடைய ஊர், நம்முடைய இறந்தகாலம். அவள் வாழ்கிற டிராஃபிக்கும் அபார்ட்மெண்டும் அந்தத் தமிழில் எங்கேயும் இல்லை. தமிழ் என்றால் லீவுக்குப் போகிற இடம் என்று அவள் முடிவு செய்துவிட்டால், தப்பு அவளுடையது இல்லை.

ஆனால் தமிழ் எழுத்து அப்படி ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவில்லை. கணையாழியே 1965-ல் டெல்லியில் தொடங்கிய பத்திரிகைதான். ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் டெல்லி வாழ்க்கையைத் தமிழில் எழுதினார்கள். அசோகமித்திரன் '18வது அட்சக்கோடு' நாவலில் செகந்திராபாத்தை எழுதினார். வெளியூர்த் தமிழனுக்கு இலக்கியத்தில் தனி அறையே இருக்கிறது. நாம்தான் குழந்தைகளை அங்கே கூட்டிப் போவதில்லை.

நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பத்தி எழுத்தெல்லாம் நொறுக்குத்தீனி சார், சங்க இலக்கியத்தை விட்டுட்டு இதையா கொடுப்பீங்க?" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பத்திகளுக்கு வயசாகிறது. டிரங்க் கால் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. பெண்களைப் பற்றிய சில கிண்டல்கள் இன்று படிக்க நன்றாக இல்லை. அப்படி ஒன்று வந்தபோது பக்கத்தைத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். தள்ளவில்லை, அவளிடமே கேட்டேன். "இது ஜோக்கே இல்லப்பா" என்றாள். ஒரு எழுத்தாளரோடு ஒத்துப்போகாமல் இருப்பதைத் தமிழிலேயே அவள் கற்றுக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நியாயத்தின் மறுபாதி இது. அந்த நண்பர் சொல்லும் சங்க இலக்கியத்துக்கும் இதே மனிதர் வழி போட்டிருக்கிறார். குறுந்தொகையை '401 காதல் கவிதைகள்' என்று இன்றைய தமிழில் தந்தவர் அவர். புறநானூற்றுக்கும் எளிய அறிமுகம் எழுதியிருக்கிறார். பத்திகளில் பெயர் தெரியாத புதுக்கவிஞர்களை வாரி வாரி அறிமுகப்படுத்தினார். வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் வாசல் வேண்டும். வாசலில் நின்று "உள்ளே வாங்க" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நம் குழந்தைகளை நேராகப் பூஜை அறைக்கு இழுத்துப் போய் நிறுத்தி, ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிறோம்.

ஆகவே என் கட்சி இதுதான். மொழியின் பெருமையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். அது இன்றைய வாழ்க்கையைப் பேசுகிற பக்கமாக இருக்கட்டும். நம் கூட உட்கார்ந்து படிக்கிற பக்கமாக இருக்கட்டும். 'நீ போய்ப் படி' என்று சொன்னால் நடக்காது, எனக்கு நடக்கவில்லை.

அடுத்த தடவை அம்மா வரும்போது ஊறுகாய் டப்பாக்களுக்கு லேபிள் எழுதும் பொறுப்பு மகளுடையது என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இப்போதே ஒத்திகை நடக்கிறது. நார்த்தங்காய்க்கு எந்த 'ர்' என்பதில்தான் இன்னும் சந்தேகம்.