பள்ளிக்கூட மதிலோரம் கூடாரங்கள்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. சினிமாவுக்குப் பேர்போன ஹாலிவுட் இந்த ஊரில்தான் உள்ளது. வீடில்லாத ஏழைகளும் இந்த ஊரில்தான் ஏராளம். 2025-ம் ஆண்டு எடுத்த கணக்குப்படி, நகர எல்லைக்குள் மட்டும் 43,699 பேருக்கு வீடு இல்லை. அவர்களில் சுமார் 27,000 பேர் ஒதுங்க ஒரு விடுதிகூட இல்லாமல் நடைபாதையிலும் கூடாரத்திலும் பழைய கார்களிலும் படுத்து உறங்குகிறவர்கள்.

கூடாரங்கள் பள்ளிக்கூட மதிலை ஒட்டியும் முளைத்தன. சின்னஞ்சிறு பிள்ளைகள் நடைபாதையை விட்டு இறங்கி, கார்கள் ஓடும் தெருவில் நடக்க வேண்டியதாயிற்று. போதை ஏற்றிக்கொண்ட ஊசிகள் வழியில் கிடந்தன. சித்தம் கலங்கிய சிலர் கூச்சல் போட்டார்கள். பெற்றோர் பயந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளையை அனுப்பிவிட்டு எந்தத் தாய் நிம்மதியாக இருப்பாள்?

பள்ளிகளின் தலைமை அதிகாரி ஆல்பெர்ட்டோ கார்வாலியோ நகரசபையிடம் முறையிட்டார். 2022 ஆகஸ்டில் நகரசபை சட்டம் செய்தது. பள்ளிக்கூடத்துக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் 500 அடிக்குள் யாரும் கூடாரம் அடிக்கக் கூடாது. ஆதரவு 11 ஓட்டு, எதிர்ப்பு 3. கூட்டத்துக்கு வந்திருந்த சிலர் போட்ட கூச்சலில் சபையையே சற்று நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. “இவர்களை விரட்டினால் எங்கே போவார்கள்?” என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதே. 500 அடிக்கு உள்ளே இருப்பவன் 501-வது அடியில் போய் உட்கார்ந்தால் சட்டம் பேசாது. அங்கும் ஒரு வீதி உண்டு. அந்த வீதியிலும் பிள்ளைகள் நடக்கிறார்கள். இப்படிக் கூடாரங்களை அகற்றிய இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று 2024-ல் ஓர் அறிக்கை சொல்லிற்று. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, தங்க இடம் கொடுக்காவிட்டாலும் தெருவில் படுப்பவர்களை நகரங்கள் தண்டிக்கலாம் என்று தீர்ப்புக் கூறியது. இது ஏழையின் கடைசிக் கதவையும் சாத்திவிட்ட தீர்ப்பு.

இந்தச் சண்டையில் பலருக்கும் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. கூடாரத்திலும் காரிலும் உறங்குகிறவர்களிடம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறார்கள். 1987-ல் செய்த மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, வீடில்லாத பிள்ளையைப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும். இன்று அந்தச் சட்டம் இன்னும் விரிவாக இருக்கிறது. விலாசம் இல்லை, சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. குடும்பம் வேறு பேட்டைக்கு நகர்ந்தாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே படிக்கலாம். பெற்றோர் கேட்டால் போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்து தரவேண்டும். நல்ல சட்டம். ஆனால் கூடாரத்தைப் போலீஸ் கலைக்கும்போதெல்லாம், புதிய இடம் எது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வண்டி போக முடியும். அதற்குள் அந்தப் பிள்ளைக்கு எத்தனை நாள் பாடம் போகுமோ?

2022 டிசம்பரில் மேயராகப் பதவி ஏற்ற கேரன் பாஸ் வேறு வழியைக் கையாண்டார். முதலில் மோட்டல் அறை; பிறகுதான் கூடாரத்தைக் கலைப்பது. செலவு அதிகம் என்று முணுமுணுப்பு எழுந்தது. அறைக்குப் போனவர்களில் சிலர் தெருவுக்கே திரும்பியும் விட்டார்கள். நிரந்தர வீடு எளிதில் கிடைக்கவில்லை, வாடகை அப்படி. ஆனாலும் பள்ளி மதிலோரத்தில் இருப்பவர்களுக்கு, அதிலும் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு, அந்த அறைகளில் முதல் இடம் கொடுக்கட்டும். சாவி கைக்கு வந்த பிறகு, அடியை அளக்கும் நாடாவை நகரசபை எடுக்கட்டும்.